நம்ம ஊரில் யார் ஏழை?

எந்த ஊரில் போய்க் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்தான் வரும். சும்மா பேச்சுவாக்கில் கேட்டால், "நம்ம ஊர்ல அப்படி யாரும் இல்லைங்க, பாடுபட்டா சோறு" என்பார்கள். ஏதோ திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் அதே வாய் வேறு மாதிரி சொல்லும்: "எல்லாருமே ஏழைதான் சார், பார்த்துப் போட்டு விடுங்க." கவனித்தால் இரண்டும் ஒரே பதில்தான். யாரும் இல்லை என்றாலும் சரி, எல்லாரும் என்றாலும் சரி, எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டிய வேலை இல்லை.

வறுமையைப் பற்றிய நம் பேச்சும் இப்படித்தான் ஓடுகிறது. இத்தனை சதவீதம் என்று அரசு சொல்கிறது, அது பொய் என்று எதிர்க்கட்சி சொல்கிறது, டீக்கடையில் நாம் இரண்டுக்கும் தலையாட்டுகிறோம். சதவீதம் யாரையும் கூச்சப்படுத்தாது. பெயர்ப் பட்டியல் கூச்சப்படுத்தும். ஒரு ஊர் தன் ஏழைகளைத் தானே உட்கார்ந்து பெயர் பெயராக எண்ணும் முறை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு 'மக்கள் நிலை ஆய்வு' என்று பெயர். அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் கோடு, சதவீதம் போன்ற சமாச்சாரங்களைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம். ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தால் போதும்.

ஜெயில் சாப்பாட்டில் தொடங்கிய கோடு

'வறுமைக் கோட்டுக்குக் கீழே' என்கிறோமே, அந்த மாதிரி ஒரு கோட்டை இந்தியாவில் முதலில் போட்டுப் பார்த்தவர் தாதாபாய் நௌரோஜி. 1876-ல் வாசித்த கட்டுரையில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரு மனிதன் உயிரோடு இருக்கக் குறைந்தது எவ்வளவு செலவாகும்? பதில் தேடி அவர் போன இடங்கள்தான் சுவாரசியம். ஒன்று, ஜெயில். கைதிக்கு அரசே அளந்து கொடுக்கும் தானியம், பருப்பு, உப்பு, துணி. இன்னொன்று, கடல் கடந்து கூலிகளை ஏற்றிப் போன கப்பல். வேலை ஏதும் செய்யாமல் உட்கார்ந்தே பயணம் போகிறவனுக்கு உயிர் தரிக்க எவ்வளவு உணவு என்று அங்கே ஓர் அளவு வைத்திருந்தார்கள். 1867-68 விலையில் கணக்குப் போட்டதில், இடத்துக்கு இடம் தலைக்கு ஆண்டுக்கு 16 ரூபாயிலிருந்து 35 ரூபாய் வரை வந்தது. நாட்டில் ஒருவருடைய சராசரி வருமானம் சுமார் 20 ரூபாய் என்பது அவர் மதிப்பீடு. அப்படிப் பார்த்தால், பல இடங்களில் வெளியே மாடாய் உழைத்தவனைவிட உள்ளே இருந்த கைதியின் வயிறு நிறைந்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு கோடு கலோரிக்கு மாறியது. 1979-ல் திட்டக் குழு அமைத்த நிபுணர்கள், கிராமத்தில் ஒருவருக்கு நாளைக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று வைத்தார்கள். இந்த அளவு உணவு கிடைக்கும் வீடுகள் மாதம் எவ்வளவு செலவழிக்கின்றன என்று பார்த்து, அந்தத் தொகையையே கோடாக்கினார்கள். 2009-ல் டெண்டுல்கர் குழு (கிரிக்கெட் இல்லை, பொருளியலாளர் சுரேஷ் டெண்டுல்கர்) கலோரியை மட்டும் பிடித்துத் தொங்குவதை விட்டுவிட்டு, படிப்புச் செலவு, மருத்துவச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியது. இந்த வழியில் வந்ததுதான் 2011-ல் பெரிய சண்டையான எண்: நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். உச்ச நீதிமன்றத்தில் திட்டக் குழு இதைப் பிரமாணப் பத்திரமாகவே கொடுத்தது. அந்தக் காசில் ஒரு நாள் வாழ்ந்து காட்டுங்கள் பார்க்கலாம் என்று நாடே கேட்டது.

2014-ல் ரங்கராஜன் குழு கோட்டைக் கொஞ்சம் உயர்த்தியது. கிராமத்தில் மாதம் 816 ரூபாய் என்று இருந்தது 972 ஆனது. நகரத்தில் 1,000 என்று இருந்தது 1,407 ஆனது. உடனே இந்திய ஏழைகளின் விகிதம் 21.9 சதவீதத்திலிருந்து 29.5 சதவீதமாகிவிட்டது. ஒரு மேசையில் கோடு நகர்ந்ததில் ஒன்பது கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஏழைகளானார்கள். அவர்கள் வீட்டு உலையில் ஒரு பிடி அரிசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதனால் கோடே வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மரக்காலால் அளந்தால்தான் போன வருஷத்து நெல்லையும் இந்த வருஷத்து நெல்லையும் ஒப்பிட முடியும். மரக்கால் சின்னதா பெரிதா என்பது வேறு வழக்கு.

பன்னிரண்டு கேள்விகள்

இப்போது அதிகம் பேசப்படுவது, திட்டக் குழுவின் இடத்துக்கு வந்த நிதி ஆயோக் வெளியிடும் பல பரிமாண வறுமைக் குறியீடு. பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. ஒரு வீட்டில் எவ்வளவு பணம் வருகிறது என்று கேட்காமல், அந்த வீட்டில் என்னென்ன இல்லை என்று கேட்கிறார்கள். உடல்நலத்தில் மூன்று, படிப்பில் இரண்டு, வாழ்க்கை வசதியில் ஏழு, ஆகப் பன்னிரண்டு கேள்விகள். விறகடுப்பா கேஸா, கழிப்பறை உண்டா, குடிதண்ணீர் எவ்வளவு தூரம், கரண்ட் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று போகும். மூன்று பிரிவுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண். இல்லாமைகளைக் கூட்டி மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அது ஏழை வீடு.

2023 அறிக்கைப்படி, இந்தியாவில் இப்படி ஏழைகளாக இருந்தவர்கள் 2015-16-ல் 24.85 சதவீதம், 2019-21-ல் 14.96 சதவீதம். தமிழ்நாட்டில் 4.76 சதவீதம் 2.20 சதவீதமாகக் குறைந்தது. பெருமைப்பட வேண்டிய எண்தான். 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், ஊர் ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், ரேஷன் அரிசியும் இல்லாமல் இந்த எண் வந்திருக்காது.

ஆனால் இந்தக் கணக்கின் உள்ளே ஒரு விசித்திரம் உண்டு. வாழ்க்கை வசதியில் ஏழு கேள்வி என்றேன் இல்லையா? அந்த ஏழும் சேர்ந்துதான் மூன்றில் ஒரு பங்கு. ஒரு குடும்பத்துக்கு நல்ல வீடு இல்லை, கழிப்பறை இல்லை, கரண்ட் இல்லை, கேஸ் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, சாமான் செட்டு எதுவும் இல்லை, ஆனால் வங்கிப் புத்தகம் ஒன்று மட்டும் இருக்கிறது. உடல்நலத்திலும் படிப்பிலும் குறை தெரியவில்லை. இந்தக் குடும்பம் கணக்குப்படி ஏழை இல்லை. அதே மாதிரி, பன்னிரண்டில் கடன் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. டி.வி., மிக்சி, கேஸ் எல்லாம் இருந்து, தண்டல்காரன் வாசலில் நிற்கும் வீடு இந்தக் கண்ணாடியில் தெரியாது.

சரி, 2.2 சதவீதம் என்றால் என்ன? 500 குடும்பம் உள்ள ஊரில் சராசரியாக 11 குடும்பம். அந்தப் பதினொன்று எவை என்று நிதி ஆயோக்கைக் கேட்டால் பதில் கிடைக்காது. மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் கணக்கு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை வெந்திருக்கிறதா என்று அது சொல்லும். எந்தப் பருக்கை வேகவில்லை என்று சொல்லாது.

கார்டு சொல்லாத செய்தி

வேகாத பருக்கையை ரேஷன் கார்டு காட்டுமே என்று தோன்றும். வெளிமாநிலத்தில் ஓரளவு காட்டும், இங்கே அவ்வளவாகக் காட்டாது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை ஏழைக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லாருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்), என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று எழுத்து வேறுபடும். ஆனால் கையில் பை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அந்த வேறுபாடு பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. மிகவும் வறியவர்களுக்கான அந்த்யோதயா கார்டுக்கு 35 கிலோ வரை கிடைக்கும். சர்க்கரை கார்டுக்கு அரிசி கிடையாது. இவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்த பிரிவு.

இந்த முடிவு சரியானது என்பதே என் எண்ணம். ஏழைக்கு மட்டும் என்று ஒரு கதவு வைத்தால், நான் ஏழை என்று அந்தக் கதவில் நிரூபிக்க வேண்டும். வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நாலு நடை நடக்கத் தெம்பும் பஸ்ஸுக்குக் காசும் உள்ளவர்தான் அதை நிரூபிப்பார். இதில் இரண்டு வகைத் தப்பு நேரும். வசதியானவரைச் சேர்த்துவிடுவது ஒன்று, இல்லாதப்பட்டவரை விட்டுவிடுவது இன்னொன்று. முதல் தப்பில் அரசு காசை இழக்கும், இரண்டாவதில் ஒருவர் சோற்றை இழப்பார். தமிழ்நாடு முதல் தப்பைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே வரிசை என்று ஆனதில் இன்னொன்றும் நடந்தது. யார் மோசமான நிலையில் இருக்கிறார் என்று ஊர் யோசிக்க வேண்டிய அவசியமே குறைந்துபோனது.

கோலமாவில் ஒரு ஊர்

2005-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாட்டில் 'புது வாழ்வுத் திட்டம்' தொடங்கியது. பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, அரசுப் பட்டியலை நம்பாமல் ஊரையே கேட்பது என்று வைத்தார்கள். மக்கள் நிலை ஆய்வு பெரிய அளவில் நம் கிராமங்களுக்கு வந்தது அப்போதுதான். இந்த யோசனை அதற்கும் முந்தியது. ஊர் மக்களையே வரைபடம் போடச் சொல்லி, வீடுகளை வரிசைப்படுத்தச் சொல்லும் பழக்கத்தை 1980களின் கடைசியில் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்களும், கர்நாடகத்தின் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்களும் வளர்த்தெடுத்தார்கள்.

நண்பர் ஒருவர் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தார். லீவில் சும்மா இருந்த என்னை நோட்டு எழுத இழுத்துப் போனார். வட மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். முதலில் தெருத்தெருவாக நடந்தோம், கூடவே ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். அப்புறம் மாரியம்மன் கோயில் எதிரில் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலமாவால் ஊரை வரையச் சொன்னார் நண்பர். ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை, தினமும் வாசலில் போடுகிற வேலைதானே. ஏரி, டேங்க், பள்ளிக்கூடம், காலனி என்று பத்து நிமிஷத்தில் ஊர் தரையில் இறங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு புளியங்கொட்டை.

அடுத்தது அட்டை. வீட்டுக்கு ஒரு அட்டை, அதில் குடும்பத் தலைவர் பெயர். அவற்றை நாலு குவியலாகப் பிரிக்க வேண்டும்: மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி. பிரிக்கும் முன்னால் நண்பர் கேட்டார், "எதை வச்சு ஏழைன்னு சொல்வீங்க?" இந்தக் கேள்விதான் முழு முறையின் உயிர். மாத வருமானம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "சொந்தக் கைகால் வேலை செய்யாதவங்க" என்றார் ஒரு அம்மா. "ராத்திரி ஆக்கினதையே காலையில கரைச்சுக் குடிக்கிறவங்க." "ஆஸ்பத்திரிக்கு நகையை வச்சு இன்னும் மீட்காதவங்க." "கேட்டா கைமாத்து தர ஆள் இல்லாதவங்க." கடைசியாகச் சொன்னது எனக்கு நெடுநாள் மண்டைக்குள் ஓடியது. நூறு ரூபாய் கடன் கேட்க ஆள் இருப்பவன் ஏழை, அதுவும் இல்லாதவன் மிகவும் ஏழை. எந்தக் குழுவின் அறிக்கையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

குவியல் பிரிப்பதில் சண்டை வராமல் இருக்காது. வீட்டில் ஓட்டு வில்லை இருக்கிறது என்று ஒருவர் நடுத்தரத்தில் வைத்தால், அந்த ஓடு மாமனார் போட்டது, மாப்பிள்ளை குடித்தே அழிக்கிறான் என்று இன்னொருவர் எடுத்து ஏழையில் வைப்பார். கேரளத்தில் 1990களில் ஆலப்புழையில் தொடங்கி, பின்னால் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பாக வளர்ந்த முறையில் ஒன்பது கேள்விகள் வைத்திருந்தார்கள். நாலுக்கு ஆமாம் என்று வந்தால் ஏழைக் குடும்பம். சம்பாதிப்பவர் ஒருவர் மட்டும்தானா, நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் சாப்பாடு இல்லையா என்பவற்றோடு, வீட்டில் குடிக்கு அடிமையானவர் உண்டா என்பதும் அதில் ஒரு கேள்வி. அங்கே அது அச்சடித்த கேள்வி, எங்கள் கோயில் வாசலில் அது வாய்ச்சண்டை.

சாயங்காலம் வாக்கில்தான் ஒரு வயதான அம்மாவின் பேச்சு வந்தது. ஓரமாக நின்றிருந்த ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "அந்த ஆயா எங்க?" எல்லாரும் வரைபடத்தைப் பார்த்தார்கள். அண்ணன் மகன் வீடு இருந்தது, காரை வீடு, நடுத்தரக் குவியலில் அட்டையும் இருந்தது. அந்த வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கிய கீற்றுக் கொட்டகையில் ஆயா இருக்கிறார். "அவங்க வீட்லதானே இருக்கு" என்றார் ஒரு பெரியவர். "அடுப்பு தனி" என்றாள் அந்தப் பெண்.

இந்த இரண்டு சொல்லில் பெரிய விஷயம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே குடும்பம் என்றால் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் என்றுதான் இலக்கணம். கூரை ஒன்றானாலும் உலை இரண்டானால் குடும்பம் இரண்டு. ஆயாவை அண்ணன் மகனோடு சேர்த்து எழுதினால் பன்னிரண்டு கேள்வியிலும் அவர் தப்பித்துவிடுவார்: கேஸ் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, பத்தாவது படித்த ஆள் இருக்கிறார். தனியாக எழுதினால் பள்ளிக்கூடமே போகாதவர், விறகடுப்பு, கீற்றுக் கூரை, கழிப்பறை இல்லை, சாமான் என்று இரண்டு அலுமினியச் சட்டி. ஏழைக் கணக்கில் விழுந்துவிடுவார். ஆள் அதே ஆள், அடுப்பைப் பார்த்தோமா இல்லையா என்பதுதான் வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சத்துக்குறைவை அளப்பது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கும், 15 முதல் 54 வயது ஆண்களுக்கும்தான். நிதி ஆயோக் குறியீட்டின் உணவுக் கேள்விக்கு அதுதான் ஆதாரம். எழுபது வயது ஆயா சாப்பிட்டாரா இல்லையா என்பதை அளக்க அதில் இடமே இல்லை.

எங்கே சறுக்கும்

இந்த முறையைத் தூக்கி வைத்துப் பேசிவிட்டுக் குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கூட்டம் எங்கே நடக்கிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். கோயில் வாசலில் கூட்டினால் காலனிக்காரர்கள் வந்து ஓரமாக நிற்பார்கள். கேட்டால் மட்டும் பேசுவார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதல் கூட்டத்தைக் காலனியில் வைப்பார்கள். பகலில் வைத்தால் கூலிக்குப் போனவர்கள் இருக்கமாட்டார்கள். வேலையில்லாமல் திண்ணையில் இருப்பவர்கள் ஊரின் சார்பாகப் பேசிவிடுவார்கள். ஏதோ கிடைக்கும் என்று தெரிந்தால் மாடி வீட்டுக்காரரும் ஏழைக் குவியலுக்கு அட்டையை நகர்த்துவார். இதற்காகத்தான் பட்டியலைக் கிராம சபையில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். அங்கே ஒருவர் பெயரைப் படித்ததும் எழும் சிரிப்புச் சத்தம் எந்தத் தணிக்கையையும்விட வேகமாக வேலை செய்யும்.

சாதியைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. நம் ஊரில் வறுமைக்குத் தெரு உண்டு. எந்தத் தெருவில் ஏழை இருப்பார் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு நடந்தால், அங்கே இருப்பவர்கள் எல்லாரும் 'அப்படித்தான்' என்று ஒரே குவியலில் போய்விடுவார்கள். அவர்களுக்குள்ளே யார் ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், 'கௌரவமான' தெருவில் இருப்பவர் பட்டினி கிடந்தாலும் தெரியாது.

இந்த இரண்டாவது வகையை நான் வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் தெரு நெசவுத் தெரு. எதிர் வீட்டு மாமா குழித்தறியில் பட்டு நெய்தவர். அத்தைக்குச் சிறுநீரகத்தில் கோளாறு வந்தபோது காப்பீட்டு அட்டையில் ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் முடிந்தது. ஆனால் கூட இருந்து பார்த்துக்கொண்ட மாமாவுக்கு மூன்று மாதம் தறி ஓடவில்லை. போக்குவரத்து, சாப்பாடு, வெளியே வாங்கிய மருந்து எல்லாம் கைக்காசு. குழு லோன் எடுத்தார், அதைக் கட்ட இன்னொரு குழு லோன். அத்தை கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. கேட்டால் "நகை பேங்க்ல இருக்கு" என்பார். பத்திரமாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், அடகில் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் முதல் அர்த்தத்தையே எடுத்துக்கொண்டோம். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குள் போனபோது தறிக்குழிமேல் பலகை போட்டு, அதன்மேல் டி.வி. ஸ்டாண்ட் வைத்திருந்தது. தறிச் சத்தம் நின்று எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன். சொல்ல முடியவில்லை. பதினைந்தடி தூரத்தில் படுத்துத் தூங்குகிறவன் நான்.

அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரா கிராமங்களிலும் பிறகு கென்யா, உகாண்டா, பெரு போன்ற நாடுகளிலும் இதே மாதிரி ஊர் மக்களோடு உட்கார்ந்து, இருபது இருபத்தைந்து வருஷத்தில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று வீடு வீடாகக் கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சில வீடுகள் ஏறிக்கொண்டும் சில வீடுகள் இறங்கிக்கொண்டும் இருந்தன. சதவீதம் கொஞ்சம் குறைந்தது என்று நாம் படிக்கும்போது இந்த இறங்கு வரிசை கண்ணில் படுவதில்லை. இறக்கியதில் முதலிடம் மருத்துவச் செலவுக்கு. அதற்கு அடுத்து கல்யாணம், கருமாதிச் செலவு, அதிக வட்டிக் கடன். சோம்பேறித்தனம், குடி என்று நாம் உடனே சொல்லும் காரணங்கள் மிகக் குறைவான வீடுகளில்தான் முக்கியக் காரணமாக வந்தன.

எங்கள் தெரு சங்கத்துக்குக் கல்யாண மண்டபம் உண்டு, ஏ.சி. போட்டாயிற்று. கஷ்டத்தில் இருக்கிற வீடுகளுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாமே என்று பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "அது அவங்களுக்கே அசிங்கமா இருக்குமேப்பா" என்றார். அதைப் பொய் என்று தள்ள முடியவில்லை. 1776-லேயே ஆடம் ஸ்மித் இதைத் தொட்டிருக்கிறார்: லினன் சட்டை இல்லாமலும் உயிர் வாழலாம், ஆனால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வரக் கூலிக்காரர்கூட வெட்கப்படுவார், ஆகவே அதுவும் அத்தியாவசியம் என்றார். நம்மூரில் அந்தச் சட்டைக்குப் பெயர் மொய். ஐந்நூறு ரூபாய் வைக்க முடியாதவர் கல்யாணத்துக்கே வருவதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்புவார். யார் வந்தார் என்று மொய் நோட்டு சொல்லும். வராதவரைத் தேட அதில் பக்கம் கிடையாது.

அந்த வெட்கத்தை மதித்தே ஆக வேண்டும். ஆகவே தெருவில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டியல் உதவிக்கு மட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, அரிசி மூட்டையோடு நிற்கவைத்துப் போட்டோ எடுக்கவே கூடாது.

ஒரு மாநிலமே செய்து பார்த்தது

2021-ல் கேரளம் இதே வேலையை மாநிலம் முழுக்க எடுத்துக்கொண்டது. வார்டு வார்டாக உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் விசாரித்து, கிராம சபைகளில் வைத்து, உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நாலையும் வைத்துப் பார்த்து அடிமட்டத்தில் இருந்தவர்கள் என்று 64,006 குடும்பங்களைக் கண்டெடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம். ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்குத் தினமும் சமைத்த சாப்பாடு. பலருக்கு முதல் தேவை காகிதமாக இருந்தது: ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை எதுவுமே இல்லாதவர்கள் அவர்கள். அரசின் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர் எந்தத் திட்டத்துக்கும் கண்ணில் படமாட்டார் இல்லையா? 2025 நவம்பர் 1-ம் தேதி, கேரளம் கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். பொருளாதார அறிஞர்கள் சிலர், எதை வைத்து இப்படி அறிவித்தீர்கள், தரவைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அறிவிப்பைவிட எனக்கு அந்த 64,006 என்ற எண்ணின் கடைசி ஆறுதான் பிடித்திருக்கிறது. சதவீதத்திலிருந்து வந்த எண்ணாக இருந்தால் முழு ஆயிரத்தில் முடிந்திருக்கும். இது ஆள் ஆளாக எண்ணியது.

தமிழ்நாட்டிலும் 2024 பட்ஜெட்டில் தாயுமானவர் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்கள்: மிகவும் வறிய ஐந்து லட்சம் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து மேலே கொண்டு வருவது. ஆதரவற்றோர், தனித்து வாழும் முதியோர், பெற்றோரை இழந்த பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் என்று யாரைத் தேட வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார்கள். தேடுவது என்றால் கடைசியில் யாரோ ஒருவர் ஒரு தெருவில் போய்க் கேட்பதுதான்.

கோயில் வாசலுக்கு வருகிறேன். ஆயாவுக்குத் தனி அட்டை எழுதி, மிகவும் ஏழைக் குவியலில் வைத்தார்கள். யாரும் மறுக்கவில்லை, அண்ணன் மகன் மட்டும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆயாவே கோல் ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "ஏம்பா, எம் பேரை எதுக்குக் கடைசியில வச்ச?" என்றார் நண்பரிடம். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. நண்பர் என்னென்னமோ விளக்கினார். ஆயா காதில் வாங்கவில்லை. "எனக்கு ஓ.ஏ.பி. முதியோர் பென்ஷன் வருது. ரேஷன்ல அரிசி போடுறாங்க. ஏரிக்கரை ஓரத்து வீட்டைப் போய்ப் பாத்தியா?"

பார்த்திருந்தோம். பூட்டியிருந்தது. ஆள் இல்லாத வீடு என்று எழுதி விட்டுவிட்டோம்.

"பொங்கல் முடிஞ்சு சூளைக்குப் போனாங்க, செங்குன்றம் பக்கம். ஆடிக்கு முன்னால வருவாங்க. முன்பணம் வாங்கித் தின்னாச்சு, கழிக்கப் போயிருக்குதுங்க. புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு." கோலை நீட்டி, வரைபடத்தில் ஏரிக்கும் காலனிக்கும் நடுவில் வெறும் மண்ணாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். நண்பர் அங்கே ஒரு கட்டம் போட்டார். பையில் புளியங்கொட்டை தீர்ந்துபோயிருந்தது. ஆயா குனிந்து ஒரு சின்னச் செங்கல் துண்டை எடுத்து அதற்குள் வைத்தார்.